கணினி முதலாளியுடையது, கடிதம் யாருடையது?

ஜாசின் பக்கம் பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தில் கடிதங்களெல்லாம் ஆபீசுக்குத்தான் வருமாம். கிராணியிடம் போய் வாங்க வேண்டும். சில வேளைகளில் உறை பிரிந்தே இருக்கும். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்றே எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் மலாக்காவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கு ஓர் அக்கா, தாயாரின் சிறுநீரகச் சிகிச்சை குறித்து அலுவலகக் கணினியிலிருந்து தம்பிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மறுவாரக் கூட்டத்தில் மேலாளர் அதை எல்லார் முன்னிலையிலும் வாசித்தார். மின்னஞ்சல் கண்காணிக்கப்படும் என்று அக்காவிடம் எவரும் முன்பே சொன்னதில்லை. அன்று அவர் தலை நிமிரவே இல்லை.

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. கணினி அவருடையது; சம்பளமும் அவர் கொடுப்பது. நச்சுநிரல் புகுந்தாலும் நிறுவன இரகசியம் கசிந்தாலும் நட்டம் அவருக்கே. ஆகவே, விதிகள் வேண்டும். ஆனால், விதி வேறு, வேவு வேறு.

ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற பொறியியலாளர், அலுவலக யாகூ மெசெஞ்சரில் சொந்த விஷயம் பேசியதால் 2007இல் வேலை இழந்தார். சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அங்கு இருந்தது. இருந்தும், 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பின் தன்மையும் அளவும் அவருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரிவர ஆராயவில்லை என்பது முக்கியக் காரணம்.

நம் நாட்டிலும், சிவராசா ராசையா வழக்கின் தீர்ப்பில், தனிமனித சுதந்திரத்துள் அந்தரங்க உரிமையும் அடங்கும் எனக் கூட்டரசு நீதிமன்றம் கூறியுள்ளது. 2013 நவம்பரில் அமலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத் துறையில் தகவல் திரட்டுவோர் அதன் நோக்கத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆயினும், கூட்டரசு, மாநில அரசாங்கங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. இந்த விலக்கு நீங்க வேண்டும்.

நாளை அலுவலகம் செல்லவிருக்கும் நண்பர்களே! வேலைக்குச் சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களைப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். எதைப் பார்ப்பீர்கள், எதற்காகப் பார்ப்பீர்கள், யார் பார்ப்பார் என்று பணிவோடு கேளுங்கள். பாட்டி கேட்காமல் விட்ட கேள்வியை நாமாவது கேட்போம்.