ஏட்டில் உள்ள உரிமை

அமெரிக்கப் பெண்கள் கருக்கலைப்பு உரிமையை 1973-இல் பெற்று, 2022-இல் இழந்தார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயிற்றில் சிசு அசைவது தெரியும்வரை கருவைக் கலைப்பது அங்கே பொதுவாகக் குற்றமாக இருக்கவில்லை. 1859-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே தடை கோரித் தீர்மானம் போட்டது. நூற்றாண்டு முடியுமுன் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் தடை வந்தது. கருக்கலைப்பு நின்றதா? இல்லை! பணமுள்ளவள் டாக்டரைத் தேடிப் போனாள். இல்லாதவள் உயிரைப் பணயம் வைத்தாள்.

1973-இல் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த உரிமையை ஏற்றது. அதனால் பிழைத்த உயிர்கள் பல, மறுப்பதற்கில்லை. ஆனால் 1976-இல் வந்த ஹைட் திருத்தம், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தின் மத்திய அரசுப் பணத்தைப் பெரும்பாலும் இதற்குச் செலவிடாதபடி தடுத்துவிட்டது. உரிமை ஏட்டில் இருந்தது, ஏழைக்கு எட்டவில்லை.

2022-இல் அந்தத் தீர்ப்பே ரத்தாயிற்று. முடிவு மாநிலங்களின் கைக்குப் போயிற்று. தடை விதித்த மாநிலத்தில் வசதியுள்ளவள் பயணச்சீட்டு வாங்கி வேறு மாநிலம் போகிறாள். கூலியை இழந்து போக முடியாதவள் என்ன செய்வாள்?

தோழர்களே! 1973-ஐ மீட்டால் போதும் என்பார் சொல்லை நான் ஏற்கவில்லை. செலவுக்கு வழி செய்யாத உரிமை, பணமுள்ளோரின் சலுகையே அன்றி உரிமை ஆகாது.