கடாரம் தெரியும், மோரிப் தெரியாது

சோழர் கடற்படை பற்றி இன்னுமொரு கட்டுரை வாசிக்கக் கிடைத்தது. 'உலகின் முதல் நீர்நிலப் படை' என்று தலைப்பு. 2025ஆம் ஆண்டு ராஜேந்திர சோழனின் கடல் கடந்த படையெடுப்புக்கு ஆயிரமாவது ஆண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரைக்குப் பெருவிழா எடுத்தார்கள், பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார்கள். தவறொன்றும் இல்லை. ஆயிரம் ஆண்டு என்பது கொண்டாடத் தக்க எண்தான். ஆனால் அதே 2025 இன்னொரு கரையிறக்கத்துக்கு எண்பதாவது ஆண்டு. 1945 செப்டம்பர் 9ஆம் நாள், மலாயாவின் சிலாங்கூர்க் கடற்கரையில், மோரிப் என்ற சிற்றூரில், 34ஆவது இந்தியக் கோர் என்ற படைத்தொகுதி கடலிலிருந்து இறங்கியது. அதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதியவர் யாரேனும் உண்டா?

முதலில் சோழரை முடித்துவிடுகிறேன். 1025 படையெடுப்புக்கு நமக்கு இருக்கும் முதன்மையான சான்று ராஜேந்திரனின் தமிழ் மெய்க்கீர்த்தி. கடலில் கலங்கள் பல சென்றதையும், கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், யானைகளும் செல்வமும் தோரண வாயிலும் கைப்பற்றப்பட்டதையும், ஸ்ரீவிஜயம் தொடங்கிக் கடாரம் வரை பத்துக்கும் மேற்பட்ட இடங்களின் பெயர்களையும் அது சொல்கிறது. எத்தனை கப்பல், எத்தனை வீரர், எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், தலைமை தாங்கியவன் பெயர் என்ன என்ற எதையும் சொல்லவில்லை. மெய்க்கீர்த்தியின் வேலை அதுவல்ல. அரசனின் புகழைக் கல்லில் நிறுத்துவது அதன் வேலை. அதை அழகாகவே செய்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி தொடங்கி இன்றுவரை அந்த ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் பொருத்துவதிலும், அது நாடு பிடிக்கப் போன படையா, வணிகப் பாதைக்காகவும் கொள்ளைக்காகவும் போன படையா என்பதிலும்தான் அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்த வெற்றிடத்தில் நம்மவர்கள் ஒரு தலைமையகத்தையே கட்டிவிட்டார்கள். ஜலாதிபதி, கணாதிபதி, மண்டலாதிபதி, கலபதி என்று ஒரு பதவி வரிசை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்றைய கடற்படையின் அட்மிரல், கமாண்டர், கேப்டன். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து, அவரிடமிருந்து யூட்யூப் எடுத்து, அங்கிருந்து கல்லூரி மாணவர் எடுத்து, கடைசியில் என் மேசைக்கு ஒப்படைப்பாக வந்து சேர்கிறது. எந்தக் கல்வெட்டு, எந்த ஊர்க் கோயில், எந்தச் சுவர் என்று கேட்டால் பதில் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் தண்டநாயகம், சேனாபதி என்ற பதவிப் பெயர்கள் நிறையவே கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் ஜலாதிபதி தேவைப்படுகிறார்.

சாண்டில்யனை இதற்குப் பழிப்பது நியாயமில்லை. கடல் புறா நாவல். நாவலாசிரியருக்குக் கப்பல் கட்டும் உரிமை உண்டு. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் அதை இன்றும் அள்ளிக்கொண்டு போகிறார்கள், நானும் என் பதினைந்து வயதில் இரவெல்லாம் விழித்துப் படித்தவன்தான். நாவலை வரலாறாக வாசித்து, அதன்மேல் இன்னொரு மாடி எழுப்புகிறவர்களோடுதான் என் சண்டை.

இனி மோரிப். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை காலியானது, மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பீதியை நம் பாட்டன்மார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரில் 25ஆவது இந்திய டிவிஷன் உருவாக்கப்பட்டதைச் சொல்ல ஆளில்லை. தென்னிந்தியக் கரையில் ஜப்பானியர் இறங்கினால் எதிர்கொள்ள வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட வேலை. ஜப்பானியர் வரவில்லை. இறங்குபவனைத் தடுக்கப் பயின்ற படை அரக்கான் போய், தானே கரையிறங்கும் படையாக மாறியது. அதன் பொறியாளர் பிரிவில் மெட்ராஸ் சாப்பர் கம்பெனிகள் இருந்தன. தென்னாட்டுக் கிராமங்களிலிருந்து போன பிள்ளைகள் அவர்கள். கண்ணி எடுப்பது, சேற்றில் பாதை போடுவது, படகு வந்து முட்டத் துறை அமைப்பது எல்லாம் சாப்பரின் கை வேலை. கரையிறக்கம் என்ற போர்முறையே அவன் தோளில்தான் நிற்கிறது.

பிலிப் கிறிஸ்டிசன் தலைமையில் 15ஆவது இந்தியக் கோர் 1945 ஜனவரி 3 அன்று அக்யாபில் இறங்கியது. ஜனவரி 12 மையேபோன், 21 ராம்ரி, 22 கங்காவ். மே 2 அன்று 26ஆவது இந்திய டிவிஷன் ரங்கூன் ஆற்று முகத்தில் இறங்கியது. கங்காவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அங்கே கடற்கரை என்று ஒன்றுமில்லை. அலையாத்திக் காடு, அதற்குள் வேலியேற்றமும் வற்றும் நீரும் மாறி மாறி ஓடும் குறுகிய உப்பங்கழி, அதன் வழியே படகில் நுழைய வேண்டும். பிச்சாவரம் போனவர்கள் அந்த நிலத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம், இருபுறமும் பீரங்கி இருப்பதாகச் சேர்த்துக்கொண்டு. முதலில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இறங்கினர். பின்தொடர்ந்த 51ஆவது பிரிகேடின் மூன்று பட்டாலியன்களுக்கும் இந்தியர்களே தலைவர்கள்: திம்மய்யா, தோரட், சென். மூவரும் அங்கே டி.எஸ்.ஓ. விருது பெற்றனர். கடலிலிருந்து குண்டு வீசி உதவியவற்றில் நர்படா, ஜம்னா என்ற இந்தியக் கப்பல்கள் உண்டு. ஓராண்டு கழித்து, 1946 பிப்ரவரியில், பம்பாயில் கொடி இறக்கிக் கலகம் செய்ததும் இதே இந்தியக் கடற்படைதான்.

அப்படியென்றால் தலைமை யாரிடம்? பட்டாலியன்வரை இந்தியர்; பிரிகேடியர் ஆங்கிலேயர், டிவிஷன் தளபதி ஆங்கிலேயர், கோர் தளபதி ஆங்கிலேயர். போர் முடியும் தறுவாயில்கூட நிலைமை இதுதான். திம்மய்யா பின்னர் பிரிகேடுக்கு உயர்ந்தார், 1957இல் இந்தியாவின் தரைப்படைத் தளபதியானார். ஒரு படையின் தலைமை வரலாறு என்றால் எனக்கு இதுதான். பதவிப் பெயர்களை அடுக்குவதல்ல. ஏணியில் எந்தப் படிவரை யாரை ஏறவிட்டார்கள் என்று பார்ப்பது.

மலாயாவை மீட்கவென்றே 1945இல் உருவாக்கிய 34ஆவது கோருக்குத் தளபதி ஔவ்ரி ராபர்ட்ஸ். 1941இல் இராக்கின் ஹப்பானியா விமானதளத்தைக் காத்தவர், இம்பாலில் 23ஆவது டிவிஷனை நடத்தியவர். திட்டத்தின் பெயர் 'ஜிப்பர்'. கடல்வழிப் படையெடுப்பில் ஒற்றைத் தலைவன் குதிரைமேல் நின்று வாள் உயர்த்துவதில்லை. கப்பலில் இருக்கும்வரை கடற்படைத் தளபதியின் சொல், கரையில் காலூன்றிய பின் தரைப்படைத் தளபதியின் சொல், மேலே விமானப்படைக்குத் தனித் தளபதி. இங்கே மார்ட்டின், ராபர்ட்ஸ், பாண்டன் பிரபு என மூவர். மூவருக்கும் மேலே கண்டியில் மவுண்ட்பேட்டன். இதற்கிடையே லண்டன் அரசாங்கம் கிழக்கில் பணிபுரியும் பிரிட்டிஷ் வீரர்களின் சேவைக் காலத்தை மூன்றாண்டு நான்கு மாதமாகக் குறைத்து அறிவிக்க, அனுபவசாலிகள் பலர் தாயகம் திரும்பப் பெட்டி கட்டினார்கள். ஆகஸ்ட் 15இல் ஜப்பான் பணிந்தது. டோக்கியோவில் கையெழுத்தாகும்வரை எங்கும் இறங்கக் கூடாது என்று மக்ஆர்தர் உத்தரவு. எனவே பினாங்கு செப்டம்பர் 3, சிங்கப்பூர் 5, மோரிப் 9.

எதிரி ஒரு குண்டும் சுடவில்லை. சேறுதான் சுட்டது. மேலே மணல், அடியில் களி. இறக்கிய வண்டிகள் பல அங்கேயே புதைந்தன, நீர் ஏறியபோது மூழ்கின. சண்டை நடந்திருந்தால் படை கடற்கரையிலேயே முடங்கிப் பெரும் இழப்பைச் சந்தித்திருக்கும் என்று பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாறே ஒப்புக்கொள்கிறது. வென்றவர்கள் தம் சொல்லில் தம் சறுக்கலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். மெய்க்கீர்த்தியில் இதைத் தேட முடியாது, தேடவும் கூடாது. ஆனால் 2025இல் கட்டுரை எழுதுகிறவர் மெய்க்கீர்த்தி பாடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அது வெள்ளைக்காரன் பட்டாளம், அதில் நமக்கென்ன பெருமை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெருமை இருப்பதாக யார் சொன்னது? செப்டம்பர் 13 அன்று கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடத்தில் ராபர்ட்ஸ் முன்னால் ஜப்பானியத் தளபதி இஷிகுரோ சரணடைந்தார். அந்த நாட்களில் சுற்றிலும் இருந்தவர்கள் யார்? ரப்பர்த் தோட்டங்களில் தமிழர், சயாம் ரயில் பாதையில் மாண்டவர்களின் குடும்பங்கள், வரத் தொடங்கியிருந்த உயிர்பிழைத்தவர்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டப் பிள்ளைகள், ஜான்சி ராணிப் படைப் பெண்கள். கரையில் அவர்கள், கடலிலிருந்து இறங்குபவனும் தமிழ் பேசும் சாப்பர். ஒருவன் மற்றவனுக்குத் துரோகி. சிங்கப்பூரில் நேதாஜி ஜூலையில் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை அதே செப்டம்பரில் தகர்த்தார்கள். ஒரு மொழியில் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கரு வேண்டுமா? 1025இல் கடாரத்தின் கரையில் நின்றவன் என்ன நினைத்தான் என்று அறிய வழியே இல்லை. 1945இல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் கிள்ளானிலும் பந்திங்கிலும் இருக்கிறார்கள். கேட்கலாம்.

ப. சிங்காரம் ஒருவர் கேட்டார். சிங்கம்புணரியில் பிறந்து 1938இல் பிழைப்புக்காக மேடான் போனவர். 'கடலுக்கு அப்பால்' பினாங்கில் ஐ.என்.ஏ. கலைந்த பிறகான கதை. 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் கடைசியில் இந்தோனேசியப் புரட்சிப் படையோடு சேர்கிறான். அவன் எதிரில் டச்சுக்காரர்கள் மட்டுமே இருந்ததாக நாம் வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் மோரிப்புக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 34ஆவது கோரின் 23ஆவது டிவிஷன் ஜாவாவுக்குப் போனது. சுரபாயாவில் 1945 அக்டோபர் 30 அன்று பிரிகேடியர் மாலபி கொல்லப்பட்டதும், நவம்பரில் நகரமே எரிந்ததும், துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்பதும் இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ராம்ரியிலும் ரங்கூனிலும் இறங்கிய அந்த 26ஆவது டிவிஷன் 1945 அக்டோபரில் இறங்கிய இடம் சுமத்ரா: படாங், மேடான். ஆம், சிங்காரத்தின் மேடான். 1946 நவம்பர் இறுதியில்தான் கடைசி இந்தியப் படை அங்கிருந்து கிளம்பியது.

பிஷேஷ்வர் பிரசாத் பொறுப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் கூட்டாக வெளியிட்ட போர் வரலாற்றுத் தொகுதிகள் இருக்கின்றன, டிவிஷன்களின் வரலாறுகள் இருக்கின்றன, பெங்களூரில் சாப்பர் படை இருக்கிறது. அடுத்த முறை நகரியத்தில் சோழர் கடற்படை பற்றிப் பேச வருகிறவர் தாராளமாக வரட்டும். பேச்சு முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேட்பேன். ஜலாதிபதி எந்தக் கல்வெட்டில் இருக்கிறார் என்பது ஒன்று. மேடானில் இறங்கிய இந்திய டிவிஷன் எது என்பது மற்றொன்று.