களிமண் பிசைந்த கடவுள்



பண்டைய எகிப்தில் க்னூம் என்று ஒரு சாமி இருந்தார். ஆட்டுக்கிடாய்த் தலை, மனித உடம்பு. படத்தைப் பார்த்தால் "என்னப்பா, ஆட்டுத்தலைச் சாமியா?" என்று சிரிக்கத் தோன்றும். நான் சொல்வது இதுதான்: தலையைப் பார்த்துச் சிரித்தது போதும், கொஞ்சம் அவர் கையையும் பாருங்கள்!

அந்தக் கையில் வாள் இல்லை, வில் இல்லை. களிமண்தான் இருக்கிறது. குயவர் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து மனிதர்களை வனைந்துகொண்டிருக்கிறார்!

அவருடைய சொந்த ஊர் நைல் நதியில், அஸ்வான் பக்கத்தில் உள்ள எலிஃபன்டைன் தீவு. வருடாவருடம் வருகிற வெள்ளம் அந்தப் பகுதியிலிருந்துதான் புறப்படுகிறது என்று மக்கள் நம்பினார்கள். வெள்ளம் வந்தால் வண்டல் வரும். வண்டல் வந்தால் சோறும் உண்டு, பானைக்கு மண்ணும் உண்டு. வெள்ளத்தைக் காக்கிறவரே குயவராகவும் இருப்பது பொருத்தம்தானே?

எஸ்னா ஊர்க் கோயிலில், ரோமானியர் ஆட்சிக் காலத்தில் செதுக்கிய துதிப்பாடல் ஒன்று இருக்கிறது. எலும்பு, தோல், முடி, முதுகெலும்பு என்று உடம்பின் உறுப்புகளை அவர் எப்படி அமைத்தார் என்று அது வரிசையாகச் சொல்கிறது. நம்ம டிராயிங் ஷீட் மாதிரி! அயல்நாட்டு மக்களுக்கும் அவரே தகப்பன் என்றும் சொல்கிறது. எவ்வளவு பெரிய மனசு!

ராஜ குடும்பமும் அவரை விடவில்லை. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹட்ஷெப்சுட் என்ற அரசி, தன்னையும் க்னூம் சக்கரத்தில் வனைவது போல டெய்ர் எல்-பஹ்ரி கோயில் சுவரில் செதுக்க வைத்தாள். ஆள்வதற்கு உரிமை காட்ட அவளுக்கு ஒரு குயவர் தேவைப்பட்டார்!

சரி, சாமியே குயவர் என்றால் ஊரில் குயவருக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்க வேண்டும்? அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அதே எகிப்தில் பள்ளிப் பையன்கள் எழுதிப் பழகிய பாடம் ஒன்று உண்டு. கேட்டி என்பவர் தன் மகனுக்குச் சொன்ன புத்திமதியாக அது வருகிறது. எழுத்தர் வேலைதான் உசத்தி, மற்றதெல்லாம் கஷ்டம் என்று ஒவ்வொரு தொழிலாகக் கேலி செய்கிறது. அதில் குயவர் பன்றியைவிட மோசமாகச் சேற்றில் உழல்கிறாராம்! கோயிலில் சக்கரத்துக்குக் கும்பிடு; பள்ளிக்கூடத்தில் சக்கரம் சுற்றுகிறவருக்கு இளக்காரம். இது என்ன நியாயம்?

என் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் வீட்டில் எல்லாருடைய கையும் காய்த்துப் போன கைதான். அந்தக் கைகள் சம்பாதித்த காசில்தான் நான் லேத்தில் நின்று தொழில் படிக்கிறேன். படிப்பு வந்ததும் அந்தக் கையை மட்டமாக நினைக்கச் சொல்லித் தருகிற பாடம், 4,000 வருடப் பழசானாலும் எனக்கு வேண்டாம்.

கேட்டியின் மகனுக்குக் கிடைத்த புத்திமதி நமக்கு வேண்டாம் நண்பர்களே. நாளைக்கு நாம் சூப்பர்வைசர் ஆகலாம், இன்ஜினியரும் ஆகலாம். அப்போது நமக்குக் கீழே வேலை பார்க்கிறவரை "வாங்க, போங்க" என்று பேசுவோம். உழைப்பைக் கும்பிடுவது சுலபம். உழைக்கிறவரை மதிப்பதுதான் படிப்பு!