ஓட்டும் பலமும் நிறுத்தும் பலமும்

பழைய பெட்ரோல் ஜீப்பையோ பிக்கப் வண்டியையோ வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பூட்டி ஓட்டுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் மிகுந்திருந்த காலத்தில் ஆரம்பித்தது இது. மேட்டில் டீசல் எஞ்சின் காட்டும் இழுவையும் அதற்கு ஆதரவாயிற்று. மலைநாட்டு விவசாயிகள் பலர் இத்தகைய வண்டிகளை நம்பியே விளைபொருளைச் சந்தைக்கு இறக்கி வந்திருக்கின்றனர். இப்போது வாலிபர்கள் சிலர் பழைய வண்டிகளுக்குப் புத்துயிர் அளிப்பதை ஆசைக்குரிய பொழுதுபோக்காகவே கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பையும் கைத்திறமையையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் எஞ்சினுக்குப் பணத்தைத் தாராளமாகச் செலவிடும் இவர்களில் பலர், பிரேக்கைப் பற்றி வேலையெல்லாம் முடிந்த பிறகே நினைக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது, பிராணாபாயத்தை விளைவிப்பது.

வில்லீஸ் வம்சத்து ஜீப்புகளின் ஆதி அமைப்பைப் பார்ப்போம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். டிரைவரின் காலடியில், தளத்துக்குக் கீழே, ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து புறப்படும் ஒரே பிரேக் ஆயில் பாதைதான் நான்கு சக்கரங்களுக்கும் கிளை பிரிகிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தாலும், ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தாலும், நான்கு பிரேக்குகளும் ஒருங்கே கைவிட்டுவிடும். கால் பலத்துக்குத் துணை செய்யும் பூஸ்டரும் கிடையாது. மண்பாதையில் மிதமான வேகத்தில் செல்லும் சிறு வண்டிக்கு இது போதும் என்று அக்காலத்தில் கருதினார்கள். அமெரிக்கக் கார்களிலே 1967-ம் வருஷ மாடல்களிலிருந்து இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் பொதுவாகிவிட்டது. நம் பழைய ஜீப்புகள் பலவற்றிலோ ஒற்றை அறையே இன்றும் இருந்து வருகிறது.

இப்படிப்பட்ட வண்டியில் கனத்த டீசல் எஞ்சினை ஏற்றினால் விளைவதென்ன? முன் அச்சின்மீது பாரம் கூடுகிறது. இழுவை இருக்கிறதென்று பின்னால் ஏற்றும் மூட்டைகளும் கூடுகின்றன. வேகமும் கூடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அதை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

மலை இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். கொல்லிமலைப் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுமையோடு 2 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 50 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது முழுவதும் பிரேக்கில் உஷ்ணமாக இறங்கும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங் பிடிப்பை இழக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 ரகத்து ஆயில் புதிதாயிருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கக் கூடும். ஆயில் ஆவியானால் பெடல் தரைமட்டும் போகும், வண்டி நிற்காது.

டீசல் எஞ்சினில் கம்பிரஷன் அதிகம், ஆகவே கியரே வண்டியைப் பிடித்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இதில் பாதி உண்மைதான் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வழி அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதுவே வண்டியைப் பிடித்திழுக்கும். சாதாரண டீசல் எஞ்சினில் அந்த அடைப்பு இல்லை; அழுத்திய காற்று விரியும்போது, செலவிட்ட பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கனரக லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைப்பது இதனாலேதான். பெட்ரோல் கார்களில் பூஸ்டர் இயங்குவதும் மேற்சொன்ன வெற்றிடத்தால்தான். டீசல் வண்டியில் பூஸ்டரை மட்டும் மாட்டி, வாக்குவம் பம்ப் வைக்காவிட்டால், அது வெறும் அலங்காரமே.

ஆகையால் செய்யவேண்டிய காரியங்களின் வரிசை தெளிவாயிருக்கிறது. முதலில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வைத்து, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் ஆயில் பாதையைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும். டிரம்முக்கென்று அமைந்த மாஸ்டர் சிலிண்டரில் ஆயிலின் அழுத்தத்தைச் சிறிது நிறுத்திவைக்கும் வால்வு இருப்பது வழக்கம். அதை எடுக்காமல் டிஸ்க்கை இணைத்தால், டிஸ்க் பேடில் உரசிக்கொண்டே சுழன்று சூடேறும். பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடாதபடி பின் அழுத்தத்தை அளவுபடுத்த வேண்டும். பூஸ்டரும் அதற்குரிய பம்பும், புது ஹோஸ்களும், இரண்டு வருஷத்துக்கொரு முறை புது ஆயிலும் அவசியம். இவ்வளவும் முடிந்து, முழுச் சுமையோடு வண்டியை நிறுத்திப் பரீட்சித்த பின்னரே புது எஞ்சினுக்கு முறை வரவேண்டும்.

இனிச் சட்டத்தின் நிலையைக் கவனிப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை வற்புறுத்தியிருக்கிறது. அத்தீர்ப்பை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். எஞ்சின் நம்பர் இருக்கிறது. சிலிண்டர்களின் எண்ணிக்கை, எரிபொருள், எடை, வண்டியின் நிறங்கூட இருக்கிறது. பிரேக் எத்தகையது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை! வண்டியை ஓட்டும் பலத்துக்குக் கணக்கு வைக்கும் சர்க்கார், அதை நிறுத்தும் பலத்துக்குக் கணக்கு வைக்கவில்லை. பிரேக்குக்கென்று தனி விதி உண்டு, பரிசோதனையும் உண்டு என்பார்கள். மெய்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்கான வண்டி, 15 வருஷம் கழிந்த பிறகு 5 வருஷத்துக்கொரு முறைதான் அதிகாரியின் முன் நிற்கிறது.

இதன் பலன் என்ன? அனுமதியின்றி எஞ்சினை மாற்றியவன் அகப்படுவோமென்று அஞ்சி வண்டியை மறைக்கிறான். மறைக்கப்பட்ட வண்டியின் பிரேக்கை யார் சோதிப்பது? தடை இருந்தும் வண்டி ஓடுகிறது. ஆபத்து மட்டும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

நமது யோசனை சுருக்கமானது. எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி வழங்கும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், புது எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற பிரேக் பரிசோதனையை முதல் நிபந்தனையாக்கி, அதன் முடிவை ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் பிரேக்கைச் சீர்படுத்திக்கொண்டு தாமாகவே முன்வந்தால், குறித்த காலத்துக்குள் அபராதமின்றிச் சோதித்து, தகுதியானவற்றை ஏற்கவும், தகாதவற்றை விலக்கவும் சட்டத்தில் வழி செய்ய வேண்டும். இது சட்டத்தைத் தளர்த்துவதாகாது. சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுவதேயாகும்.

சர்க்கார் செய்யும்வரை வண்டிக்காரர்கள் காத்திருக்கவேண்டிய அவசியமில்லை. மலைப்பாதையில் எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவர்கள் உங்கள் எஞ்சினின் பலத்தை அறியமாட்டார்கள். அவர்கள் நம்பியிருப்பது உங்கள் பிரேக்கை மட்டுமே.