பந்தயத்தில் பிழைத்தவர் பனியில் மாண்டார்!

கார் பந்தயம் அவருடைய தொழில். சாவு எப்பொழுதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. பல ஆண்டுகள் அதை அவர் ஏமாற்றி வந்தார். கடைசியில், வீடு திரும்பும் வழியில், ஒரு சின்ன விமானத்தில் அது அவரைப் பிடித்துக்கொண்டது. அவரை மட்டும் அல்ல. அவரை நம்பி ஏறிய ஐந்து பேரையும் சேர்த்து!

அவர்தான் கிரகாம் ஹில். இங்கிலாந்தின் புகழ் பெற்ற மோட்டார் பந்தய வீரர்.

24-வது வயதில்தான் அவர் கார் ஓட்டும் லைசென்சு வாங்கினார். அப்படிப்பட்டவர் 1962-லும், 1968-லும் உலக சாம்பியன் ஆனார். மொனாக்கோ பந்தயத்தில் 5 தடவை வெற்றி பெற்றார். 1966-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயம். 1972-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். இந்த மூன்றையும் வென்றவர் இன்று வரை அவர் ஒருவர்தான்.

1969-ல் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் கார் உருண்டது. அவருடைய இரண்டு கால்களும் நொறுங்கின. "இத்துடன் தீர்ந்தது" என்று பலர் நினைத்தார்கள். அவரோ ஐந்தே மாதத்தில் தென் ஆப்பிரிக்கப் பந்தயத்தில் கலந்துகொண்டு, 6-வதாக வந்தார். அவ்வளவு நெஞ்சுறுதி!

1975-ல் ஓட்டுவதில் இருந்து ஓய்வு பெற்று, தன் சொந்தப் பந்தய அணியைக் கவனித்து வந்தார்.

அந்த இரவு

1975 நவம்பர் 29. சனிக்கிழமை. தெற்கு பிரான்சில் புதிய காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஹில் தன் அணியினருடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரட்டை என்ஜின் கொண்ட "பைப்பர் ஆஸ்டெக்" என்ற சிறிய விமானம். ஓட்டியவர் அவரே.

உடன் வந்தவர்கள் யார்? 23 வயதே ஆன டோனி பிரைஸ் என்ற இளம் பந்தய வீரர், காரை வடிவமைத்தவர், அணியின் மானேஜர், இரண்டு மெக்கானிக்குகள்.

இறங்க வேண்டிய இடம் லண்டனுக்கு வடக்கே உள்ள எல்ஸ்ட்ரீ. சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சிறிய விமானத்தளம் அது. ஹில்லின் வீடும் பக்கத்தில்தான். ஆனால் அன்று இரவு அங்கே பனிமூட்டம் கவிந்திருந்தது.

எல்ஸ்ட்ரீக்குச் சுமார் 3 மைல் தூரத்தில் ஆர்க்லி என்ற மேட்டு நிலம். அங்கே உள்ள கோல்ப் மைதானத்து மரங்களில் விமானம் மோதியது. கீழே விழுந்து தீப்பிடித்தது. ஆறு பேரும் மாண்டார்கள். அப்பொழுது ஹில்லுக்கு வயது 46.

கண்தான் துணை

பெரிய விமான நிலையங்களில் ரேடியோ கதிர்கள் வழி காட்டும். வலப்பக்கம் விலகினாலும், இடப்பக்கம் விலகினாலும், தாழ்ந்தாலும், உயர்ந்தாலும் விமானியின் முன் உள்ள முள் காட்டிக் கொடுத்துவிடும். சிறிய தளங்களில் அநேகமாக இந்த வசதி இருப்பது இல்லை. ஓடுபாதையின் விளக்குகளைக் கண்ணால் கண்டுதான் இறங்க வேண்டும்.

விமானத்தில் உயரம் காட்டும் கருவி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது காற்றின் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுவது. எந்த மட்டத்துக்கு அதைத் திருப்பி வைத்தோமோ, அந்த மட்டத்தில் இருந்துதான் உயரத்தைச் சொல்லும். எதிரே மேடு இருக்கிறது, மேட்டின் மேல் மரம் இருக்கிறது என்று அது சொல்லாது.

ஆகவே விமானிகளுக்கு ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட உயரம் வரைக்கும் இறங்கிப் பார். ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே ஏறிவிடு. வேறு ஊருக்குப் போ. இது தோல்வி அல்ல. விமானம் ஓட்டும் தொழிலிலேயே மிகவும் கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான். ஆனால் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்பொழுது, திரும்பிப் போக யாருக்கு மனம் வரும்?

வெளிவந்த உண்மை

விபத்துக்குத் திட்டவட்டமான காரணம் விசாரணையில் தெரியவில்லை. விமானியின் தவறாக இருக்கலாம் என்றே கருதப்பட்டது. ஆனால் வேறு ஒரு செய்தி வெளியே வந்தது. விமானத்தின் பதிவு ரத்தாகி இருந்தது. கருவிகளை நம்பிப் பறப்பதற்கான ஹில்லின் தகுதிச் சான்றும் காலாவதி ஆகி இருந்தது. அதனால் இன்ஷூரன்சு பாதுகாப்பும் இல்லாமல் போயிற்று.

உடன் இறந்தவர்களின் குடும்பத்தினர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? ஹில்லின் சொத்து கரைந்தது. 15 வயது மகன் டேமன், பின்னாளில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். தன் முயற்சியால் முன்னேறி, 1996-ல் அவரும் உலக சாம்பியன் ஆனார் என்பது மகிழ்ச்சிக்குரியது. மற்ற குடும்பங்களின் இழப்புக்கு எந்தக் கோப்பை ஈடாகும்?

"சான்றிதழைப் புதுப்பித்து இருந்தால் விமானம் விழுந்திருக்காதா?" என்று சிலர் கேட்பார்கள். விழுந்தும் இருக்கலாம். காகிதம் பனியை விலக்காது. ஆனால் சான்றைப் புதுப்பிப்பது என்றால் என்ன? "இன்னும் உன்னால் முடிகிறதா?" என்று இன்னொருவர் நம்மைச் சோதித்துப் பார்ப்பது. தைரியசாலிக்குத்தான் அந்தச் சோதனை அதிகம் தேவை. ஏனென்றால் அவன் தன்னைத் தானே சந்தேகிப்பது இல்லை.

பந்தயக் காரில் ஒரே ஒரு இருக்கைதான். அதில் ஏறுகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். அது அவனுடைய உரிமை. விமானத்தில் ஆறு இருக்கைகள் இருந்தன. மற்ற ஐந்து பேரும் பதிவுச் சீட்டைக் கேட்கவில்லை; லைசென்சைப் பார்க்கவில்லை. "ஹில் ஓட்டுகிறார்" என்ற ஒரே நம்பிக்கையில் ஏறினார்கள்.

அவர் கெட்டவர் அல்ல. யாருக்கும் தீங்கு நினைத்தவர் அல்ல. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வேலையைத் தள்ளிப்போட்டவர். நம்மில் எத்தனை பேர் அப்படி இல்லை?

சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். கார், வேன் வைத்திருப்பவர்கள் ஏராளம். மனைவி மக்களையும், சிநேகிதர்களையும் ஏற்றிக்கொண்டு இரவிலே புறப்படுகிறோம். லைசென்சு இருக்கிறதா, இன்ஷூரன்சு கட்டியாயிற்றா என்று அவர்கள் நம்மைக் கேட்கமாட்டார்கள். நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதை தெரியவில்லை என்றால், வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், வண்டியை நிறுத்த வேண்டும்.