நூறு சதவீதம் எப்படி வந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவானால் வந்து விழும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கு ஆப்பில் வாங்கிய நூறு சதவீதம், அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். அந்த நூறு எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா?

நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னால் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொடும். சிவப்பு வந்தால் அடுத்தது. அதற்கும் பொறுமை இல்லாத வீட்டில் அப்பாவின் விரல் குறுக்கே நீளும்: "இதைத் தொடுடா, முடிச்சிட்டு சாப்பிட வா." ஹோம்வொர்க் முடிந்தது. ஸ்டாரும் வந்தது.

52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 26 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கவனமில்லை என்று தலையில் குட்டாதீர்கள். 2-லிருந்து 8 போகாது. சரி, 8-லிருந்து 2 போனால் 6. 5-லிருந்து 3 போனால் 2. ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது. விதிதான் தப்பு. அதே பிள்ளையிடம் 41-லிருந்து 17 கேட்டால் 36 என்று வரும். ஆப் இரண்டுக்கும் சிவப்பு காட்டிவிட்டு 14, 24 என்று சரியான விடையைச் சொல்லி நகர்ந்துவிட்டால், பத்துகளிலிருந்து கடன் வாங்குவது பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்பது யாருக்குத் தெரியும்? கணினியால் முடியாத காரியம் என்று சொல்லவில்லை. தப்புக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களைப் பழக்கும் 'பக்கி' என்ற புரோகிராமை அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1970-களிலேயே செய்துவிட்டார்கள்.

அதே நாட்டில் 1973-ல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் எழுதிய கட்டுரையில் பென்னி என்று ஒரு பையன் வருவான். 12 வயது. அவரவர் வேகத்தில் தாளில் கணக்குப் போட்டு, விடைப் பட்டியலோடு ஒப்பிட்டு, 80 சதவீதம் எடுத்தால் அடுத்த படிக்குப் போகும் திட்டத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்தே படித்தவன். இன்றைய ஆப்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் கணக்கில் அவன் நல்ல மாணவன். எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் வெளிப்பட்டது: 5/10-ஐத் தசமமாக்கினால் 1.5 என்றான். ஐந்தும் பத்தும் பதினைந்து, நடுவில் ஒரு புள்ளி! 4/11-ம் 1.5, 11/4-ம் 1.5. பட்டியலில் வேறு விடை இருந்தாலும் அவன் கலங்கவில்லை. தன்னுடையதும் சரிதான், உருவம்தான் வேறு என்று எண்ணியிருந்தான். இத்தனை வருஷமாக அதைப் பிடிக்க அவன் மதிப்பெண்ணால் முடியவில்லை.

ஆப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வாய்ப்பாட்டை மனதில் ஏற்றுவதற்கு அது நல்ல துணை. சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும், நம்மைப் போலக் கத்தாது. ஆனால் டேப்புக்குப் பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டு வேண்டும். விடையைத் தொடும் முன் அதில் போட்டுப் பார்க்கட்டும். பிறகு ஒரே ஒரு கணக்கைக் காட்டி "இதை எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள், விடை சரியாக இருந்தாலும். கடன் வாங்குவது புரியவில்லையா? ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கையில் கொடுத்து, 38 ரூபாய் திருப்பிக் கேளுங்கள். ஒரு பத்தை மாற்றாமல் தர முடியாது என்று அதுவே கண்டுகொள்ளும்.

நேரமில்லை என்பீர்கள். குழுவில் கைதட்ட மட்டும் நேரம் இருக்கிறதே!

இன்னொன்று. நீங்கள் விரல் நீட்டி வாங்கிக் கொடுத்த நூறு, டீச்சரின் திரையிலும் நூறாகத்தான் தெரியும். வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பத்தில் நான்கோடு நின்றால் நிற்கட்டும். "கடன் வாங்கிக் கழிப்பது வரவில்லை, மேடம்" என்று நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.