கட்டளைக்கு அப்பால்

சர்வாதிகாரிக்கு வேலை பார்த்த விஞ்ஞானியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேடாமலே பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஜெர்மானிய ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுன் 1937இல் நாஜிக் கட்சியிலும் 1940இல் எஸ்.எஸ். படையிலும் சேர்ந்தார். மறுத்திருந்தால் ராக்கெட் ஆய்வையே கைவிட நேர்ந்திருக்கும் என்று பின்னாளில் சொன்னார். அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அவர் உருவாக்கிய வி-2 ஏவுகணை நார்ட்ஹவுசன் நகரை ஒட்டிய மலைச் சுரங்கத்தில், வதைமுகாம் கைதிகளைக் கொண்டு தயாரானது. மிட்டல்பாவ்-டோரா என்ற அந்த முகாமுக்கு வந்த சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் பசியாலும் நோயாலும் தூக்குக் கயிற்றாலும் மடிந்தார்கள். 1944 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஒரு கடிதத்தில், தொழில்நுட்பம் தெரிந்த கைதிகளைத் தேடித் தாமே புகன்வால்ட் முகாமுக்குப் போனதையும், அவர்களை அனுப்பிவைக்க அங்கிருந்த தளபதியிடம் பேசியதையும் ஃபான் பிரவுனே எழுதியிருக்கிறார். அந்த யோசனையைச் சொன்னவர் சுரங்கத் தொழிற்சாலையின் அதிகாரி ஒருவர். அது யோசனைதான், மறுத்தால் உயிர் போகும் என்ற ஆணை அல்ல. பயந்து பணிந்தவனை மன்னிக்க என் மனம் இடம் தரும். கேட்டதற்கு மேலும் ஓடியாடிச் செய்தவருக்கு அந்தச் சலுகையைத் தர முடியவில்லை.

1944 மார்ச்சில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ அவரையே கைது செய்ததே என்பார்கள். உண்மை. ஆனால் போரில் ஜெர்மனி தோற்றுவிடும், தனக்கு விண்வெளிப் பயணத்தில்தான் நாட்டம் என்று பேசினார் என்பதே குற்றச்சாட்டு. கைதிகளுக்காக வாதாடினார் என்பதல்ல. புகன்வால்ட் பயணமோ விடுதலையான பிறகு நடந்தது. அச்சம் கூடியிருக்காதா என்று கேட்கலாம். கூடியிருக்கும், ஒதுங்கியிருக்கவும் அந்த அச்சமே காரணமாகியிருக்கலாம். லீசா மைட்னரை நினைத்துப் பார்க்கிறேன். யூதக் குடும்பத்தில் பிறந்ததால் 1938இல் ஜெர்மனியிலிருந்து தப்பியோட நேர்ந்த அந்த இயற்பியலாளர், 1933இலேயே வெளியேறாதது தன் தார்மீகத் தவறு என்று போருக்குப் பின் தன் பழைய சக ஆய்வாளர் ஆட்டோ ஹானுக்கு எழுதினார். துரத்தப்பட்டவருக்கே அந்தக் கணக்குப் பார்க்கத் தோன்றியது.

நிலவுப் பயணத்தைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. 1969இல் மனிதரை நிலவுக்கு ஏற்றிச்சென்ற சாட்டர்ன் 5 அவர் தலைமையில் உருவானதுதான். அந்தச் சாதனை பெரிது. ஆனால் அதன் பலன் நமக்குக் கிடைத்தது, விலை கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். அவர்கள் சார்பில் கடனைத் தள்ளுபடி செய்ய நமக்கு உரிமையில்லை. விண்வெளி முன்னோடியாக அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் பாடத்தில், டோராவின் பெயரும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.